உங்கள் வீட்டில் இருப்பது பன்னீர் ரோஜாதானா?

உங்கள் கேள்வி இது: "மாடியில் வைக்கப் பன்னீர் ரோஜா என்று கேட்டு வாங்கிய செடி பிங்க் நிறத்தில்தான் பூக்கிறது, ஆனால் வாசனையே இல்லை. பக்கத்து வீட்டில் குச்சி வாங்கி வைத்த செடியில் வாசனை தூக்குகிறது, ஆனால் பூ மறுநாளே கொட்டிவிடுகிறது. இரண்டில் எது பன்னீர் ரோஜா, கொட்டாமல் இருக்க என்ன உரம் போடலாம்?"

கொட்டுகிறதே, அதுதான் பன்னீர் ரோஜா. கொட்டாமல் இருக்க உரம் எதுவும் கிடையாது, யாராவது இருக்கிறது என்று சொல்லி விற்றால் வாங்காதீர்கள். இதோடு நிறுத்திக்கொள்ளலாம்தான், ஆனால் இந்தச் செடியோடு பல வருஷமாக மல்லுக்கட்டியவன் என்பதால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன், நேரம் இருந்தால் படியுங்கள்.

முதலில் பெயர்க் குழப்பம். பன்னீர் ரோஜா என்பது ஒரு ரகத்தின் பெயர் இல்லை, பன்னீர் எடுக்க உதவுகிற ரோஜா, அவ்வளவுதான். (பன்னீர்ப்பூ என்று சில கோவில்களில் ஒரு மரம் இருக்கும், வெள்ளையாக நீளக் குழல் வைத்துப் பூக்கும், அதற்கும் ரோஜாவுக்கும் உறவே இல்லை.) உலகத்தில் பன்னீருக்கும் அத்தருக்கும் பேர்போனது டமாஸ்க் ரோஜா, தாவரவியல் பெயர் ரோசா டமாசினா. பல்கேரியாவில் கசன்லக், துருக்கியில் இஸ்பார்டா, ஈரானில் காஷானுக்குப் பக்கத்தில் கம்சர், நம் நாட்டில் கன்னோஜ் என்று பன்னீர் காய்ச்சுகிற ஊர்களில் எல்லாம் அடுப்பில் ஏறுவது அதுதான். அந்த ரோஜாவே ஒரு கலப்பு. மஸ்க் ரோஜா, காலிக்கா ரோஜா, மத்திய ஆசியாவில் வளரும் ஃபெட்செங்கோ ரோஜா என்று மூன்று இனங்கள் சேர்ந்து வந்தது என்று 2000-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் மரபணுவை வைத்துக் காட்டினார்கள்.

ஆனால் நிலக்கோட்டைச் சந்தையிலோ உங்கள் தெருமுனைப் பூக்கடையிலோ உதிரியாக எடை போட்டு விற்கிற இளஞ்சிவப்பு ரோஜா பெரும்பாலும் அசல் டமாஸ்க் இல்லை, அதன் பிள்ளை. வேளாண் பல்கலைக்கழகத்தின் உதிரிப்பூப் பட்டியலில் ஆந்திரா சிவப்பு ரோஜாவோடு சேர்த்து 'எட்வர்ட் ரோஜா' என்று போட்டிருப்பார்கள், அதுதான் இது. எட்வர்ட் என்றதும் ஏதோ இங்கிலாந்து ராஜா என்று நினைத்துவிடாதீர்கள், எதுவார் என்ற பிரெஞ்சுப் பெயர் நம் வாயில் அப்படி ஆகிவிட்டது.

கதை நடந்த இடம் ரீயூனியன் தீவு. அந்தக் காலத்தில் அதற்கு போர்போன் தீவு என்று பெயர். பிற்பாடு கரும்புத் தோட்ட வேலைக்காக நம் ஆட்கள் கப்பலேறிப் போன அதே தீவுதான், இன்றைக்கும் அங்கே தமிழ் வம்சாவளியினர் ஏராளம். அங்கே வயல் வரப்புகளில் ரோஜாவை வேலியாக நட்டு வைத்திருந்தார்கள். ஒன்று வருஷம் முழுக்கப் பூக்கிற சீனத்து இளஞ்சிவப்பு ரோஜா, இன்னொன்று இலையுதிர்காலத்திலும் கொஞ்சம் பூக்கிற ஒரு வகை டமாஸ்க். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் தேனீ சும்மா இருக்குமா? அப்படித் தானாகக் கலந்து முளைத்த ஒரு செடியை 1817 வாக்கில் ப்ரெயோன் என்ற தாவரவியலாளர் கவனித்து, அதன் விதைகளைப் பாரிஸுக்கு அனுப்பினார். அங்கே ஓர்லியான் பிரபுவின் தோட்டக்காரர் ஜாக் அதை வளர்த்தார். 'போர்போன் ரோஜாக்கள்' என்று ஒரு வகையே அதிலிருந்து கிளைத்தது, சுவெனிர் த லா மல்மேசோன் (1843), மதாம் இசாக் பெரேர் (1881) என்று மணத்துக்காக இன்றும் கொண்டாடப்படுகிற ரகங்கள் எல்லாம் அந்த வழிதான். அதற்கு அடுத்த தலைமுறைகளில் இன்றைய ஹைப்ரிட் டீ ரோஜா வந்தது. ஆக, பிளாஸ்டிக் தாளில் சுற்றி விற்கிற வாசனையில்லாத கொத்து ரோஜாவின் பூர்வீகத்தைத் தோண்டினால் நம் பன்னீர் ரோஜாவின் சொந்தக்காரர்கள்தான் நிற்பார்கள்.

இந்தப் பெற்றோர் விஷயத்தை ஏன் இழுக்கிறேன் என்றால், செடியின் குணம் முழுக்க அதில்தான் இருக்கிறது. வாசனை டமாஸ்க் கொடுத்தது, விடாமல் பூக்கிற குணம் சீன ரோஜா கொடுத்தது. அசல் டமாஸ்க் வருஷத்துக்கு ஒரு தடவை, குளிர் முடிந்ததும் சில வாரம் பூத்துவிட்டு ஓய்ந்துவிடும். ராஜஸ்தானில் ஹல்திகாட்டி பக்கம் அதற்கு 'சைத்தி குலாப்' என்றே பெயர், சைத்திர மாதத்துப் பூ என்று அர்த்தம். அதைக் கொண்டுவந்து மதுரையிலோ சென்னையிலோ வைத்தால் குளிர் போதாமல் பச்சையாக நின்றுகொண்டிருக்கும். எட்வர்டுக்கு அந்தத் தொல்லை இல்லை.

சரி, செடியை எப்படி அடையாளம் கண்டுபிடிப்பது? பூ நடுத்தர அளவு, உள்ளங்கைக்குள் அடங்கும். நிறம் இளஞ்சிவப்பு, மார்கழியில் நன்றாக அழுத்தமாக இருக்கும், சித்திரை வெயிலில் வெளுத்துச் சின்னதாகிவிடும், அதை நோய் என்று நினைக்க வேண்டாம். இதழ்கள் நிறைய, ஆனால் கடை ரோஜா மாதிரி சுருட்டி வைத்த கூம்பாக இருக்காது, மலர்ந்ததும் கிண்ணம் மாதிரி அகன்று நடுவில் மஞ்சள் மகரந்தம் தெரிந்துவிடும். இதழைத் தொட்டால் பட்டுத்துணி மாதிரி மெல்லிசு. காம்பு குட்டை, மூன்று நாலு மொட்டாகச் சேர்ந்து வரும், பூ கனத்தால் தலை கொஞ்சம் தொங்கும். அதனால்தான் இதை யாரும் ஜாடியில் வைக்க வளர்ப்பதில்லை. இலை வெளிர் பச்சை. முள் உண்டு, தாராளமாகவே உண்டு.

இணையத்தில் ஒரு புரளி சுற்றுகிறது, ஒரு காம்பில் ஏழு சிற்றிலை இருந்தால் அது காட்டு ரோஜா, வெட்டி எறியுங்கள் என்று. தயவுசெய்து அதை நம்பிப் பன்னீர் ரோஜாவை வெட்டிவிடாதீர்கள், இதில் ஐந்தும் வரும் ஏழும் வரும். ஒட்டுச்செடியில் எந்தக் கிளை வேண்டாதது என்று பார்க்க ஒரே வழி, அது ஒட்டுக்குக் கீழே இருந்து கிளம்புகிறதா என்று மண்ணைக் கொஞ்சம் விலக்கிப் பார்ப்பதுதான். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. நம் நாட்டில் ஒட்டுக் கட்டுவதற்கான வேர்ச்செடியாக இந்த எட்வர்ட் ரோஜாவையே பயன்படுத்துகிற வழக்கம் இருக்கிறது. ஆசையாக வாங்கிய ஒட்டு ரகம் செத்துப்போய், அடியிலிருந்து ஒரு பிங்க் ரோஜா கிளம்பி வாசனையோடு பூக்கிறது என்று யாராவது புலம்பினால் நான் வாழ்த்துச் சொல்லிவிடுவேன்.

எல்லாவற்றையும் விட நம்பகமான சோதனை மூக்குதான். அதிலும் நேரம் முக்கியம். மல்லி மாலையில் விரிந்து இரவில் மணக்கும், ரோஜா அப்படி இல்லை, விடியற்காலையில் பாதி விரிந்த பூவில்தான் மணம் உச்சம். மத்தியானம் ரெண்டு மணிக்கு நர்சரிக்குப் போய் வெயிலில் காய்ந்த பூவை முகர்ந்துவிட்டு வாசனை இல்லை என்று சொல்வதும் தப்பு, பூவே இல்லாத செடியை "பன்னீர் ரோஜாதான் சார், கேரண்டி" என்ற வார்த்தையை நம்பி வாங்குவதும் தப்பு. இரண்டாவது தப்பை நானே செய்திருக்கிறேன். நாலு மாதம் தண்ணீர் ஊற்றி வளர்த்து, பூத்தது மணமே இல்லாத ஏதோ ஒரு பட்டன் ரோஜா.

இப்போது கொட்டுகிற விஷயத்துக்கு வருகிறேன். ரோஜா வாசனை என்பது ஒரு பொருள் இல்லை, நூற்றுக்கணக்கான பொருள்களின் கலவை. ஜெரானியால், சிட்ரோனெல்லால், நெரால், ஃபினைல் எத்தனால் இவை முக்கியமானவை. பீட்டா டமாசினோன் என்று ஒன்று இருக்கிறது, ரோஜா எண்ணெயில் நூற்றில் ஒரு பங்குகூட இருக்காது, ஆனால் அது இல்லாவிட்டால் ரோஜா மணம் ரோஜா மணமாக இருக்காது, சாம்பாரில் பெருங்காயம் மாதிரி. இவை இதழின் மேல்தோல் செல்களில் உருவாகி அங்கிருந்தே ஆவியாகின்றன. பன்னீர் ரோஜாவின் இதழ் மெல்லிசு, சீக்கிரம் விரிகிறது, மகரந்தம் திறந்து கிடக்கிறது, தேனீ வருகிறது. பூவுக்குத் தன் வேலை முடிந்ததும் எத்திலீன் வாயு சுரந்து இதழ்கள் அடியில் பிடி விட்டுவிடும். செடியின் கணக்கில் இது வெற்றி, நமக்குத்தான் அது கொட்டுவதாகத் தெரிகிறது.

கடை ரோஜாவை உருவாக்கியவர்கள் இதற்கு எதிர்ப்பக்கம் போனார்கள். ஓசூர் பசுமைக்குடிலில் தாஜ்மஹால் ரக ரோஜாவைப் பாருங்கள், நீளக் காம்பு, தடித்த இதழ், பெட்டியில் அடுக்கி விமானத்தில் ஏற்றினாலும் நசுங்காது, ஜாடியில் நாள்கணக்கில் நிற்கும். இவற்றுக்காகவே தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி எடுத்தார்கள், வாசனையை யாரும் சோதிக்கவில்லை, அது வழியில் எங்கேயோ தொலைந்துபோனது. எங்கே தொலைந்தது என்பதற்கு 2015-இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் ஒரு நல்ல விடை கண்டுபிடித்தார்கள். மணம் மிகுந்த 'பப்பா மெய்யான்' ரோஜாவையும் மணமே இல்லாத 'ரூஜ் மெய்யான்' ரோஜாவையும் பக்கத்தில் வைத்து எந்த மரபணு ஒன்றில் வேலை செய்கிறது, மற்றதில் தூங்குகிறது என்று பார்த்தார்கள். என்யூடிஎக்ஸ்1 என்ற நொதி அகப்பட்டது. ஜெரானியால் வகைப் பொருள்களை மற்ற செடிகள் செய்கிற வழக்கமான பாதையே வேறு. ரோஜாவோ, செல்லுக்குள் துப்புரவு வேலை பார்க்கிற குடும்பத்தைச் சேர்ந்த ஒரு நொதியை மணம் செய்ய வைத்திருக்கிறது. எனக்கு இது இன்னமும் ஆச்சரியம்தான்.

அதற்காக, மணமும் கெட்டியான இதழும் சேர்ந்தே இருக்காது என்று சொல்ல மாட்டேன். நான் மேலே சொன்ன பப்பா மெய்யான் (1963) கருஞ்சிவப்பில் வெல்வெட் மாதிரி இருக்கும், அதே தாய் தகப்பனுக்குப் பிறந்த மிஸ்டர் லிங்கன் (1964) இன்னும் நெடுநெடுவென்று வளரும், இரண்டிலும் நல்ல டமாஸ்க் மணம். டபுள் டிலைட் (1977) வெண்ணெய் நிறத்தில் ஓரம் மட்டும் சிவந்து, வெயில் பட பட சிவப்பு ஏறிக்கொண்டே போகும், மணத்தில் கொஞ்சம் மசாலா வாடை. ஊட்டி, கொடைக்கானல், பெங்களூர்க்காரர்களுக்கு இவை அருமை. சமவெளியில் வளரும், ஆனால் உங்களை வேலை வாங்கும், டபுள் டிலைட்டுக்குச் சாம்பல் நோய் சீக்கிரம் வரும். மேலைநாட்டு ரோஜாவை நம் வெயிலில் வைத்துக் கஷ்டப்படுவதற்குப் பதில் வெப்பத்துக்கென்றே ரோஜா வேண்டும் என்று கொடைக்கானலில் இருந்து வீரராகவன் நம் நாட்டு ரோசா ஜைஜாண்டியா, ரோசா கிளினோஃபில்லா காட்டினங்களை வைத்துப் புது ரகங்கள் உருவாக்கினார், அது தனியாக எழுத வேண்டிய கதை. மொட்டை மாடியில் முதல் ரோஜா வைப்பவருக்கு என் சிபாரிசு பன்னீர் ரோஜாதான். பத்து நாள் ஊருக்குப் போய்விட்டு வந்தாலும், பக்கத்து வீட்டுக்காரர் ரெண்டு நாளுக்கு ஒரு தடவை தண்ணீர் காட்டியிருந்தால் போதும், உயிரோடு இருக்கும்.

வளர்ப்பில் பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. குறைந்தது ஆறு மணி நேர வெயில், பதினாலு அங்குலத்துக்குக் குறையாத தொட்டி, செம்மண்ணும் மக்கிய தொழு உரமும் கொஞ்சம் மணலும், தண்ணீர் தேங்காத அடிப்பகுதி. இலை மட்டும் தளதளவென்று வந்து பூ வரவில்லை என்றால் பெரும்பாலும் வெயில் போதவில்லை, அல்லது தழைச்சத்தை அள்ளிக் கொட்டியிருக்கிறீர்கள். கடலைப் புண்ணாக்கு ஊறவைத்த தண்ணீரை நன்றாக நீர்த்து மாதத்துக்கு இரண்டு தடவை கொடுப்பேன், அதுவே தாராளம். டீத்தூள் போடுகிறவர்கள் பாலும் சர்க்கரையும் போகக் கழுவிவிட்டுப் போடுங்கள், இல்லாவிட்டால் எறும்புதான் வரும், எறும்பு பின்னாலேயே மாவுப்பூச்சி வரும். வேப்பெண்ணெய்க் கரைசல் தெளித்தால் மாலையில் தெளியுங்கள், பூவில் படாமல் இலையின் அடிப்பக்கம் படுகிற மாதிரி.

மழைக்காலத்தில் இலையில் கரும்புள்ளி வந்து மஞ்சளாகி உதிரும். அந்த இலைகளைப் பொறுக்கித் தூரப் போடுங்கள், மண்ணிலேயே மக்கட்டும் என்று விட்டால் திரும்ப வரும். தண்ணீரை வேருக்கு ஊற்றுங்கள், தலையில் ஊற்றாதீர்கள்.

கவாத்துக்கு மட்டும் பயப்படாதீர்கள். பூ முடிந்த ஒவ்வொரு கொத்தையும் அப்போதைக்கப்போது கிள்ளிவிட வேண்டும், அது தவிர வருஷத்துக்கு ஒரு தடவை பெரிய வெட்டு. ஐப்பசியிலேயே வெட்டுகிறவர்கள் உண்டு, நான் அடைமழை ஓய்ந்து மார்கழி பிறக்கும் வரை காத்திருப்பேன், ஈரத்தில் வெட்டினால் நுனிக்கருகல் காம்பு வழியாக இறங்கிவிடும் என்ற பயம்தான். காய்ந்தது, குச்சி மாதிரி மெலிந்தது, உள்பக்கமாகக் குறுக்கே போவது எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, மீதியைப் பாதி உயரத்துக்குக் கொண்டுவாருங்கள். வெளிப்பக்கம் பார்த்த கணுவுக்குக் கொஞ்சம் மேலே சாய்வாக வெட்டு. வீட்டில் எல்லோரும் செடியைக் கொன்றுவிட்டான் என்பார்கள். ஒன்றரை மாதம் கழித்து, தையில் மொட்டு வைக்கும்போது பேச மாட்டார்கள்.

பறிப்பது பற்றி: செடியிலேயே விட்டு அழகு பார்க்க இது செம்பருத்தி இல்லை, பறியுங்கள். பொழுது விடிந்து வெயில் ஏறுவதற்குள், பாதி விரிந்த பூவாக. பல்கேரியாவிலும் பத்து மணிக்குள் பறித்து முடித்துவிடுகிறார்கள், மூவாயிரத்திலிருந்து ஐயாயிரம் கிலோ பூவுக்கு ஒரு கிலோ எண்ணெய் கிடைக்கிற தொழிலில் வெயில் தின்னுகிற மணம் நேரடி நஷ்டம். பறித்த பூவைப் பூஜை அறையிலோ மேஜையிலோ அகலமான தட்டில் கொஞ்சம் தண்ணீரில் மிதக்க விடுங்கள். பக்கத்தில் பழுத்த வாழைப்பழச் சீப்பு இருக்கக் கூடாது, பழத்திலிருந்து வருகிற எத்திலீனில் மாலைக்குள் உதிர்ந்துவிடும்.

உதிர்ந்தாலும் வீண் இல்லை. இதழைத் தண்ணீரில் போட்டுக் கொதிக்க வைத்து வடிகட்டினால் அது பன்னீர் இல்லை, ரோஜாக் கஷாயம், ரெண்டு நாளில் புளித்துவிடும். பன்னீர் என்றால் ஆவியைக் குளிரவைத்துப் பிடிப்பது. பாத்திரத்தில் இதழும் தண்ணீரும், நடுவில் ஒரு கல்லின் மேல் சின்னக் கிண்ணம், மூடியைத் தலைகீழாகக் கவிழ்த்து அதன் மேல் ஐஸ் கட்டி, சிறு தீ. மூடியில் படிகிற ஆவி நடுவில் வழிந்து கிண்ணத்தில் சொட்டும். ஃபினைல் எத்தனால் தண்ணீரில் நன்றாகக் கரையும் என்பதால்தான் பன்னீருக்கு அந்த மணம் நிற்கிறது. பத்துப் பூவை வைத்து முயற்சி செய்யாதீர்கள், ஒரு முறம் நிறைய இருந்தால் ஒரு டம்ளர் கிடைக்கும். எனக்குக் கேட்டால் வீட்டளவில் குல்கந்துதான் லாபம். மருந்து அடிக்காத பூ, ஈரமில்லாமல் உலர்த்திய இதழ், எடைக்கு எடை அல்லது ஒன்றரை மடங்கு கற்கண்டுத் தூள், கண்ணாடி ஜாடியில் மாற்றி மாற்றி அடுக்கி வாயைத் துணியால் கட்டி வெயிலில் மூன்று வாரம். தினமும் காய்ந்த கரண்டியால் ஒரு கிளறு. சந்தையில் வாங்கிய பூவில் செய்ய வேண்டாம், அது மாலைக்காக வளர்த்தது, அதில் என்ன தெளித்தார்கள் என்று விற்கிறவருக்கே தெரியாது.

கடைசியாக, வாசனை இல்லாத அந்த முதல் செடியை என்ன செய்வது என்று கேட்பீர்கள். இருந்துவிட்டுப் போகட்டும், பூ நாலு நாள் நிற்கிறதல்லவா. பக்கத்துத் தொட்டியில் இரண்டாவது செடியிலிருந்து குச்சி எடுத்து வையுங்கள். பன்னீர் ரோஜா ஒட்டே கட்டாமல் சொந்த வேரில் வருகிற செடி. பூத்து முடிந்த கிளையில் பென்சில் தடிமனில் ஏழெட்டு அங்குலம், கணுவுக்குச் சற்றுக் கீழே அடி வெட்டு, மேலே ரெண்டு இலை மட்டும் மிச்சம் வைத்து மூன்றில் இரண்டு பங்கு மண்ணுக்குள் போகிற மாதிரி செருகி, மேலே ஒரு பாலிதீன் பையைக் கவிழ்த்து நிழலில் வைத்துவிடுங்கள். மழை ஈரம் காற்றில் இருக்கும்போது வைத்தால் அஞ்சில் மூன்றாவது பிடிக்கும். ஒரு மாதம் வரை வேர் வந்திருக்கிறதா என்று இழுத்து மட்டும் பார்க்காதீர்கள், எனக்குச் செத்த குச்சிகளில் பாதி நான் இழுத்துப் பார்த்ததில் செத்தவைதான்.